உன் மூச்சில் இருந்த அசற்றோன்

மகள்,

கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருக்கிறவளுக்கு அப்பா எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நீ சிரிப்பாய். சிரி. வாயால் சொல்லத்தான் பன்னிரண்டு வருடமாக முயன்றேன். ஒவ்வொரு முறையும் உன் முகத்தைப் பார்த்ததும் மழையைப் பற்றியோ மீனின் விலையைப் பற்றியோ எதையாவது கதைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டேன். இப்போது நீ கலியாணச் சட்டையின் அளவு பார்க்க ரவுணிலுள்ள தையல் கடைக்குப் போயிருக்கிறாய். அம்மா குசினியில் சமைத்துக்கொண்டிருக்கிறாள். நான் பட்டறையில், கவிழ்த்துப் போட்ட தோணி ஒன்றின் மேல் பலகை வைத்து இதை எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமையில் பட்டறைக்குள் என்ன வேலை என்று அம்மா ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

போன செவ்வாய்க்கிழமை நீ என்னிடம் வந்து சொன்னது உனக்கு நினைவிருக்கும். நம் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியாததல்ல. வீடு பெண்ணுக்குத்தான். இந்த வீடு உன் அம்மாவுக்கு அவளுடைய தாய் கொடுத்த சீதனம். நான்தான் இங்கே வந்து குடியேறியவன். அடுத்த மாதம் உன் கலியாணத்தோடு அதை அம்மா உன் பெயருக்கு எழுதித் தரப்போகிறாள், மாப்பிள்ளை இங்கே வருவார், நாங்கள் இரண்டு பேரும் பின்னறையில் இருந்துகொண்டு உன்னோடு ஒரே உலையில் சாப்பிடுவோம் என்றுதான் நினைத்திருந்தோம். நீ வந்து, "அப்பா, பின்னுக்கு ஒரு சின்னக் குசினி வேறயாப் போடுவமே. அம்மா அங்கால இருக்கட்டும்" என்றாய். ஏன் என்று கேட்டேன். "நாளைக்கு எனக்கொரு புள்ள பொறந்தா, அம்மாட்ட விட்டுட்டுப் பள்ளிக்குப் படிப்பிக்கப் போகப் பயமாக் கெடக்கு. புள்ளைக்கு நோய் வருத்தம் வந்தாலும் அவவுக்குத் தெரியாது. எனக்கு வந்த நேரம் தெரியல்லதானே" என்றாய்.

அம்மா கொடியில் உடுப்புக் காயப் போட்டுக்கொண்டு உனக்குப் பின்னால் பத்தடி தூரத்தில் நின்றாள். நீ பார்க்கவில்லை. நான் பார்த்தேன். கையிலிருந்த சேலையை அவள் கொடியில் போட்டாள், சுருக்கம் போக இரண்டு பக்கமும் இழுத்துவிட்டாள், அடுத்த துணியை எடுத்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? பிரஷை அசற்றோனுக்குள் முக்கிக் கழுவிக்கொண்டிருந்தேன். நன்றாகக் கழுவிய பிரஷை இன்னொரு முறை கழுவினேன். அந்த இடத்தில் வாய் திறந்திருக்க வேண்டியவன் நான் ஒருவன்தான்.

அசற்றோனைப் பற்றி உனக்கு நான் பாடம் நடத்த முடியாது. நீ விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். அது தண்ணீரோடும் கலக்கும், எண்ணெயோடும் கலக்கும், அதனால்தான் அவ்வளவு பொருட்களைக் கரைக்கிறது என்று எனக்கே சொல்லித் தந்தவள் நீ. ஆனால் எனக்கும் அதற்குமான பழக்கம் இருபது வருடத்துக்கு மேல். சுனாமியில் கடல் வந்து வாவிக்கரையின் மரத் தோணிகளை எல்லாம் கொண்டுபோன பிறகு, பைபர் தோணிகள் வந்து இறங்கின. வலை கட்டிக்கொண்டிருந்த நான் பைபர் ஒட்டப் பழகினேன். கண்ணாடி நார்த் துணியை விரித்து, அதன் மேல் ரெசின் என்கிற பசையைப் பூசி, இறுகுவதற்கு முன் கையையும் பிரஷையும் கழுவ வேண்டும். அதற்குத்தான் அசற்றோன். கையில் ஊற்றினால் ஐஸ் வைத்த மாதிரிக் குளிரும், அந்தக் குளிர் போவதற்கு முன் அதுவும் காற்றோடு போய்விடும். தோலிலுள்ள எண்ணெயையும் எடுத்துக்கொண்டுதான் போகும். என் கை முதலையின் முதுகு போல இருக்கிறது என்று நீ சின்னதில் சொல்லுவாய். ஒரு விஷயத்தில் மட்டும் அது கண்டிப்பு. ரெசின் ஈரமாக இருக்கும்வரைதான் கரைக்கும். இறுகிவிட்டால் ஒரு வாளி ஊற்றினாலும் அசையாது. பிரஷை வீச வேண்டியதுதான்.

உனக்கு ஆறு வயதில், வெள்ளை நுரை மாதிரி இருக்கிற ஒரு றெஜிபோம் கோப்பைக்குள் அதை ஊற்றிப் பார்த்தாயே, நினைவிருக்கிறதா? கோப்பை அப்படியே சுருங்கிக் கூழாகி, அசற்றோன் தரையில் ஓடியது. நீ பயந்து அழாமல், "அப்பா, கோப்பை எங்க போன?" என்று கேட்டாய். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. ஓடி வந்து உன்னைத் தூக்கினாள். மறு கையால், சுவாமி படத்துக்கு முன்னால் எரிந்துகொண்டிருந்த மெழுகுதிரியை ஊதி அணைத்தாள். மெழுகுதிரி பத்தடி தள்ளி இருந்தது. எனக்கு அது வீண் பதற்றமாகப் பட்டது. அசற்றோனின் ஆவி காற்றை விடக் கனமானது, தரையோடு தவழ்ந்துபோய்த் தூரத்து நெருப்பையும் பிடிக்கும் என்று பல வருடம் கழித்து நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். அம்மாவுக்கு அந்த விளக்கம் ஒன்றும் தெரியாது. மணம் அங்குவரை வருகிறது என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்தது. இந்த வீட்டில் மூக்குள்ளவள் அவள். இதை எதற்குச் சொல்கிறேன் என்று கொஞ்சம் பொறுத்தால் விளங்கும்.

நீ ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போது அறுவடைத் திருநாளுக்கு விரல் நகமெல்லாம் சிவப்பாகக் கியூட்டெக்ஸ் பூசிக்கொண்டு ஆலயத்துக்கு வந்தாய். பாடகர் வரிசையில் நின்ற ஒருவர் ஏதோ பகிடி விட்டுச் சிரித்தார். எனக்கு மானம் போய்விட்ட மாதிரி இருந்தது. இப்போது நினைத்தால் அது ஒரு பேச்சே இல்லை. வீட்டுக்கு வந்ததும் உன்னைப் பட்டறைக்குள் கூட்டிவந்து, பஞ்சில் அசற்றோன் ஊற்றிக் கொடுத்து, என் கண் முன்னாலேயே பத்து விரலையும் துடைக்க வைத்தேன். நீ அழுதுகொண்டே துடைத்தாய். துடைத்து முடிந்ததும் பூசியிருந்ததற்கு அடையாளமே இல்லை. அது என் மனதில் தங்கிவிட்டது. இனி இவள் எங்கே பூசினாலும் வீட்டுக்கு வருமுன் துடைத்துவிட முடியும், எனக்குத் தெரியவே வராது என்று.

அடுத்த வருடம்தான் அது தொடங்கியது. ஒரு புதன்கிழமை. நீ பள்ளியால் வந்து செருப்பைக் கழற்றக் குனிந்தாய். உன் மூச்சு என் முகத்தில் பட்டது. அசற்றோன். அன்று முழுக்க நான் பட்டறைக்குள் போகவில்லை, அதனால் என் உடம்பின் மணம் இல்லை என்று எனக்கு நிச்சயம். உன் கையைப் பிடித்து விரல்களைப் பார்த்தேன். சுத்தமாக இருந்தன. மகள், நன்றாகக் கேள், அந்தச் சுத்தத்தைத்தான் நான் சாட்சியாக எடுத்தேன். துடைத்துவிட்டாள் என்று முடிவு கட்டினேன். பட்டறைக்குப் போய்க் கேனைப் பார்த்தேன். இரண்டு விரற்கடை குறைந்திருந்தது. மூடி வெடித்திருந்ததையும் பார்த்தேன். அது தானாகவே ஆவியாகிப் போகிற சாமான் என்று என்னை விட யாருக்குத் தெரியும்? ஆனாலும் நீ எடுத்தாய் என்றே நினைத்தேன். கக்கூசு பட்டறைக்குப் பக்கத்தில் இருக்கிறது. நீ அந்த நாட்களில் அடிக்கடி அந்தப் பக்கம் போய் வந்தாய். இரத்தத்தில் சீனி கூடினால் அப்படித்தான் போகும் என்று இன்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நானோ, நீ கேனைத் தேடிப் போகிறாய் என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை உன்னை அடித்தேன். ஒரே அடி, கன்னத்தில். "அப்பா, நான் தொடவே இல்ல" என்றாய். "அப்ப இந்த மணம் எங்கயிருந்து வருது?" என்று கத்தினேன். "தெரியாப்பா" என்றாய். உன் விரல்களை என் மூக்கில் வைத்து மணந்தேன். விரலில் மணம் இல்லை. மணம் வந்தது வாயிலிருந்து. நகத்தைத் துடைத்தவளுக்கு வாயில் ஏன் மணக்க வேண்டும் என்று ஒரு கணம் எனக்குள் எழும்பியது. அதை அப்படியே அமுக்கினேன். பிழை என் பக்கம் என்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. அவ்வளவுதான் காரணம், வேறு பெரிய காரணம் ஒன்றுமில்லை.

வெள்ளிக்கிழமை நீ குடித்த தண்ணீரையும் சத்தி எடுத்தாய். அம்மா என்னிடம் வந்தாள். "புள்ள ஒரு வாய் சோறு தின்னல்ல, தண்ணியத்தான் குடிச்சிக் குடிச்சிக் கெடக்கு. சட்டையெல்லாம் தொளதொளவெண்டு போயிற்று. ஆசுபத்திரிக்குக் கொண்டு போவமே" என்றாள். "நாடகம் ஆடுறாள். ரெண்டு நாள் விடு, சரியாப் போகும்" என்றேன். அடித்தது உள்ளுக்குள் அரித்ததால் கடைக்குப் போய் உனக்கு ஒரு பெரிய போத்தல் சோடா வாங்கி வந்தேன். இனிப்புச் சோடா. நீ ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "இன்னும் கெடக்காப்பா?" என்று கேட்டாய். என்னோடு கோபம் தீர்ந்துவிட்டது என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இந்தச் சோடாவை நினைக்காமல் ஒரு நாள் போனதில்லை.

சனிக்கிழமை காலையில் ஆரையம்பதியிலிருந்து ஒருவர் அடி கிழிந்த தோணி ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். நான் ரெசினுக்குள் இறுக்கும் மருந்தை ஊற்றிக் கலக்கி முடிந்த நேரம் அம்மா ஓடி வந்தாள். "புள்ள எழும்புதில்ல. கூப்பிட்டாக் கண்ணத் தொறக்குது, பேச்சில்ல. மூச்சு இழுத்து இழுத்து வாங்குது." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கலக்கிட்டன். விட்டா இறுகிப் போயிரும். அரை மணித்தியாலம் பொறு, வாறன்." பொய்யில்லை, கலக்கிய ரெசின் காத்திருக்காது. ஒரு சட்டி ரெசின் வீணாகும் என்று பார்த்தேன். அம்மா என்னோடு வாதாடவில்லை. திரும்பி ரோட்டுக்கு ஓடினாள். ஓட்டோவை மறித்தவள் அவள். உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய் ஏற்றியவள் அவள், பதினைந்து வயதுப் பிள்ளையை. ஓட்டோவின் சத்தம் கேட்டுத்தான் நான் ஓடினேன். ஓடுவதற்கு முன் கையைக் கழுவினேன், அசற்றோனில். இவ்வளவும் உனக்குத் தெரியாது. உனக்கு அப்போது நினைவு இல்லை. அப்பாதான் ஆசுபத்திரிக்குக் கொண்டு போனார் என்று நீ உன் சினேகிதிகளிடம் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். கேட்டுக்கொண்டு சும்மா இருந்திருக்கிறேன்.

ஆசுபத்திரியில் இளம் டொக்டர் ஒருத்தி உன்னிடம் குனிந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். என் கையில் தின்னர் மாதிரி ஏதோ மணக்கிறது என்று என்னை வெளியே நிற்கச் சொன்னாள். திரும்ப உன்னிடம் குனிந்துவிட்டு உடனே என்னைக் கூப்பிட்டாள். "மணம் புள்ளையிலயிருந்துதான் வருது. எத்தின நாளா?" என்று கேட்டாள். "இண்டைக்குக் காலையிலயிருந்துதான் டொக்டர்" என்றேன். யோசித்துச் சொன்ன பொய்கூட இல்லை, வாய் தானாகச் சொன்னது. அவள் அம்மா பக்கம் திரும்பினாள். "நீங்க தாய்தானே? இவ்வளவு மெலிஞ்சிருக்கு. தண்ணி தண்ணியெண்டு குடிச்சிருக்கும். நீங்க கவனிக்கல்லையா?" அம்மா என்னை ஒரு முறை பார்த்தாள். ஒரே முறை. பிறகு, "ஓம் டொக்டர், கவனிக்காம விட்டுட்டன்" என்றாள். அந்த நேரம் சேலைன் ஏறி உன் கண் பாதி திறந்திருந்தது. அந்த ஒரு வசனம் உன் காதில் விழுந்தது. பன்னிரண்டு வருடமாக நீ அம்மாவுக்கு எதிராக வைத்திருக்கும் சாட்சி அதுதான். அவள் வாயாலேயே சொன்னாளே என்று நீ கேட்பாய். சொன்னாள். நான் பக்கத்தில் நின்றேன்.

ஆசுபத்திரி வாட்டில் தாதி இன்சுலின் ஊசி போடப் பழக்கினாள். அம்மா ஊசியை என் கையில் தந்துவிட்டாள், அதனால் நான் பழகினேன். நீ சட்டையை உயர்த்திவிட்டு முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு, "அப்பா போட்டா நோகாது" என்பாய். வீட்டுக்கு வந்து ஒரு வாரத்தில் நான் அம்மாவிடம், பிள்ளைக்கு நடந்ததைச் சொல்லிவிடப் போகிறேன் என்றேன். "வேணாம். உங்கள நம்பித்தான் கைய நீட்டுது. அந்த நம்பிக்கையும் போனா ஆரு ஊசி போடுற? கொஞ்சம் வளரட்டும்" என்றாள். நீ வளர்ந்தாய். நீயே ஊசி போடப் பழகினாய். பல்கலைக்கழகம் போனாய். விடுமுறைக்கு வந்து சாப்பாட்டு மேசையில், சீனியை எரிக்க முடியாத உடம்பு கொழுப்பை எரிக்கும், அப்போது உடம்பே அசற்றோனை உண்டாக்கும், அது மூச்சில் வரும் என்று எங்களுக்கு விளங்கப்படுத்தினாய். "அப்பா கேன்ல வெச்சிருக்கிற அதே சாமான்தான்" என்று சிரித்தாய். பிறகு சிரிப்பை நிறுத்தி, "அண்டைக்கு அம்மா மணந்து பார்த்திருந்தாலே தெரிஞ்சிருக்கும்" என்றாய். அம்மா எழும்பி உனக்குத் தண்ணீர் ஊற்றினாள். நீ வளர்ந்துவிட்டாய், இப்போது சொல்லலாம் என்று அன்று அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அவள் சொல்லாதது எனக்காக. நான் சொல்லாததும் எனக்காகத்தான்.

எனக்கு வெட்கமாக இருக்கிறது, மகள். பயமாகவும் இருக்கிறது. இதை வாசித்த பிறகு நீ என்னை அப்பா என்று அதே குரலில் கூப்பிடுவாயோ தெரியாது. ஆனால் அந்தக் குசினியைக் கட்ட என்னால் முடியாது. தன் வீட்டை உனக்கு எழுதித் தந்துவிட்டு அதன் பின்பக்கத்தில் தனி உலை வைக்க வேண்டியவள் அவள் இல்லை. பிள்ளையை யாரிடம் விடலாம் என்று கேட்டாயே. அவளிடம் விடு. என்னிடம் விடுவதானால்தான் யோசி.

புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை, என்றாலும் இரண்டு விஷயம். ஒருவரைப் பற்றி முடிவெடுத்த பிறகு சாட்சி தேடாதே. சுத்தமான நகம்கூட அப்போது குற்றமாகத் தெரியும். நாளைக்கு உன் புருஷனிடமும் பிள்ளையிடமும் உனக்குக் கோபம் வரும், அப்போது இதை நினைத்துக்கொள். மற்றது, கலியாணத்துக்கு முன் மாப்பிள்ளையை ஒரு நாள் பட்டறைக்குக் கூட்டி வா. கேனின் மூடியைத் திறந்து அவரை மணக்கவை. இந்த மணம் உன் மூச்சில் வந்தால் என்ன வேலை கையில் இருந்தாலும் போட்டுவிட்டு ஓட வேண்டும் என்று நானே அவரிடம் சொல்லுகிறேன். எப்படித் தெரியும் என்று கேட்டால் அதையும் சொல்லுகிறேன்.

இவ்வளவும் எழுதி முடித்து அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவளுக்குத் தெரியாமல் உன்னிடம் தரக் கூடாது என்று பட்டது. கிழித்துப் போடச் சொல்லுவாள், இந்தக் கலியாண நேரத்தில் எதற்கு என்பாள் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், அப்படிச் சொல்ல மாட்டாளா என்று கொஞ்சம் ஆசையும் இருந்தது. கையைத் துடைத்துவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, குசினி வாசலில் இருந்து மெதுவாக வாசித்தாள். சோடா வாங்கியதைப் பற்றிய வரிகளை இரண்டு முறை வாசித்தாள். வாசித்து முடித்து, "பேனை ஒண்டு தாங்க" என்றாள். கொடுத்தேன். பக்கத்தைத் திருப்பி, புதன்கிழமை என்று நான் எழுதியிருந்த இடத்தைத் தேடி எடுத்து ஒரு கோடு போட்டாள். மேலே ஞாயிற்றுக்கிழமை என்று எழுதினாள்.

"சேர்ச்சில புள்ள ஆராதனைக்கு நடுவில தண்ணி கேட்டிச்சே, அண்டைக்கு. வீட்ட வந்து உங்களிட்டச் சொன்னன், புள்ளையிட வாயில உங்கட பட்டறை மணம் வருதெண்டு. என்ட சட்டையிலயிருந்து வருது, வேலயப் பாரெண்டு சொன்னீங்க" என்றாள். நான் அதை மறந்துவிட்டேன் என்று இதுவரை நினைத்திருந்தேன். அவள் சொல்லச் சொல்ல, நான் அப்போது எந்தக் கதிரையில் உட்கார்ந்திருந்தேன் என்பது வரைக்கும் நினைவுக்கு வந்தது. நான் வீணாக்கியது, எழுதியிருந்த மாதிரி மூன்று நாள் இல்லை, மகள். ஆறு நாள். முதல் நாளே அவள் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டாள்.

கடிதத்தை மடித்து என் கையில் தந்தாள். "எழுதுறதெண்டா சரியா எழுதுங்க" என்றாள்.

அதனால் திரும்ப எழுதவில்லை, அவள் திருத்தியதோடு அப்படியே தருகிறேன். நீல மையில் வெட்டியிருப்பது அம்மாவின் கை. வாசித்து முடிந்ததும் என்னிடம் வராதே. அவள் குசினியில்தான் இருப்பாள். அங்கே போ.

அப்பா